உடுப்புக்காவலனின் கல்பெட்டி

ஏழடி நீளம், மூன்றடி அகலம், மூடியை மட்டும் தூக்க எட்டு ஆள். ரோமர்களின் துறைமுக நகரான சலோனாவின் பெரிய குளியல்கூடத்தில் முப்பத்தொரு ஆண்டு உடுப்புக்காவலனாக இருந்த ஸ்தெர்கோரியுஸ், தன் பிணத்துக்கென்று தேடிப்பிடித்த கல்பெட்டியின் அளவு இது. ஆள் ஐந்தடிக்கும் குறைவு. உள்ளே அவனைக் கிடத்தினால் காலடியில் இன்னொருவர் உட்கார்ந்து சாப்பிடலாம் என்று அவன் மனைவி உர்சினா சொன்னாள்.

அவன் பெயருக்குச் சாணிக்குவியல் என்று பொருள். எங்கள் ஊர்க் கிறிஸ்தவர்களில் சிலர் தாழ்மைக்காக இப்படிப் பெயர் வைத்துக்கொள்வதுண்டு. இவன் பெயர் அப்படி வந்ததல்ல. சாயப்பட்டறைக்குப் பின்னால் குப்பைமேட்டில் கிடந்த குழந்தையை எடுத்து வளர்த்தவள், எடுத்த இடத்தையே பெயராக வைத்துவிட்டாள். ஆனால் கேட்டவர்களிடமும் கேட்காதவர்களிடமும் அது தாழ்மைக்கு வைத்த பெயர் என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்வான். தாழ்மையைப் பற்றி அத்தனை கர்வமாகப் பேசிய இன்னொரு மனிதன் சலோனாவில் இல்லை.

வேலை எளிது. குளிக்க வருபவர் கழற்றித் தரும் உடுப்பை வாங்கிச் சுவர்மாடத்தில் வைக்க வேண்டும். அவர் குளித்துவிட்டு வந்ததும் திருப்பித் தர வேண்டும். இதில் முதல் பாதியை அவன் ஒழுங்காகச் செய்தான்.

அவனுக்கு முகம் நினைவில் நிற்காது, துணி நிற்கும். தோளிலும் முழங்காலிலும் வட்டப் பூவேலை தைத்த சட்டை வந்தால் முக்காலியிலிருந்து எழுவான். பூவேலையில் பட்டு நூல் ஓடினால் குனிவான். வெறும் கம்பளிச் சட்டையைக் காலாலேயே ஒதுக்கி, நீர் கசியும் மூலைக்குத் தள்ளுவான். ஒருமுறை ஆளுநர் வீட்டுச் சமையல்காரன் எசமான் தூக்கிப்போட்ட பழைய சட்டையை மாட்டிக்கொண்டு வந்தான். ஸ்தெர்கோரியுஸ் அவனுக்கு மேல் மாடத்தைக் கொடுத்து, செருப்பைத் தன் கையால் துடைத்தும் வைத்தான். சமையல்காரன் அதற்குப் பிறகு வேறு சட்டையில் குளிக்க வரவே இல்லை.

மாதத்துக்கு இரண்டு மூன்று உடுப்பு காணாமல் போகும். பழிபோடத் துறைமுகம் இருந்தது, துறைமுகத்தில் எப்போதும் வெளியூர் மாலுமிகள் இருந்தார்கள். உடுப்பு போன இடம் உண்மையில் நாலு தெரு தள்ளி, உர்சினாவின் மடி. பூவேலை வட்டங்களை நூல் பிசகாமல் பிரித்தெடுத்து வேறு சட்டையில் தைப்பதில் அவள் கைகாரி. வால்நட் கொட்டைத் தோலை ஊறவைத்த தொட்டி ஒன்று முற்றத்தில் நிரந்தரமாக இருக்கும். வெள்ளையாக வந்த துணி மூன்றாம் நாள் பழுப்பாகப் போய்விடும்.

பறிகொடுத்தவர்கள் எங்கள் ஊரில் காவலரிடம் போவதில்லை. ஈயத்தகட்டில் சாபம் எழுதுகிறார்கள். அதைச் சுருட்டி ஆணி அடித்து ஆற்றின் ஊற்றுக்கண்ணிலோ, அகாலமாய்ச் செத்தவன் குழியிலோ போடுகிறார்கள். ஞாயிறன்று கோவிலில் நற்கருணை அப்பம் வாங்கிய கைதான் திங்களன்று ஆணி அடிக்கும். குருக்கள் இதைக் கண்டித்துப் பிரசங்கம் செய்வார்கள். அவர்கள் செருப்பே தொலைந்தால் அவர்களுக்கும் ஈயம் விற்கும் கடை தெரியும்.

ஸ்தெர்கோரியுஸ் இந்த ஈயச் சீட்டுகளை ஊற்றிலிருந்து அள்ளி, வலைக்குக் கனமாகக் கட்ட மீனவர்களுக்குக் கொடுத்து மீன் வாங்குவான். பயமே கிடையாது. சீட்டு எதிலும் அவன் பெயர் இருக்காது. எடுத்தவன் எவனோ, அவன் குடல் அழுகட்டும் என்றுதான் இருக்கும். ‘எவனோன்னு ஒருத்தன் இந்த ஊர்ல இருந்தா அவன் பாடு திண்டாட்டம்தான்’ என்று மீனவர்களிடம் சொல்லிச் சிரிப்பான். அவர்களும் சிரித்துக்கொண்டு கூட ஒரு மீன் போடுவார்கள்.

இப்படிப்பட்டவனுக்கு வாழ்க்கையில் வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று: வடக்கு மதிலுக்கு வெளியே, விசுவாசத்துக்காக உயிர்விட்ட வேதசாட்சியின் கல்லறைக்குப் பக்கத்தில் ஓர் இடம்.

ஊரே அதற்குத்தான் அலைந்தது. உலகத்தின் கடைசி நாளில் வேதசாட்சி உயிர்த்து எழும்போது பக்கத்தில் கிடப்பவர்கள் அவருடைய அங்கியின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு கூடவே போய்விடலாம் என்பது நம்பிக்கை. மூன்றாம் வரிசை வரைக்கும் கை எட்டும் என்று குழிவெட்டிகள் சொன்னார்கள். எதை வைத்து அளந்தார்கள் என்று யாரும் கேட்கவில்லை. வாழ்நாள் முழுக்க அடுத்தவர் உடுப்பைப் பிடித்தவன், அங்கேயும் ஓர் உடுப்பைப் பிடிக்கத்தான் ஆசைப்பட்டான்.

இடம் கிடைக்காதவர்களுக்கு மண்சாடி. ஆப்பிரிக்காவிலிருந்து எண்ணெய் வரும் நீளச் சாடி இரண்டை எடுத்து, கழுத்தை உடைத்து, வாயோடு வாய் சேர்த்து, உள்ளே பிணத்தைத் தள்ளிச் சாலையோரம் புதைப்பார்கள். சலோனாவில் பாதிப் பேர் அப்படித்தான் போகிறார்கள். ஸ்தெர்கோரியுஸுக்கு அந்த நினைப்பே ஆகாது. “ஊறவச்ச மீன் மாதிரி சாடியில கிடக்கவா முப்பத்தொரு வருஷம் அந்த ஈரத்துல உக்காந்தேன்?” என்பான்.

இடத்துக்குச் சம்மதம் தர வேண்டியவர் குரு லுப்பிகினுஸ். கல்லறைத் தோட்டம் அவர் பொறுப்பு. அவருடைய உடுப்புக்கு எப்போதும் ஈரம் படாத மேல் மாடம் கிடைத்தது. யார் யாரோடு குளிக்க வந்தார்கள் என்ற சேதியும் சுடச்சுடக் கிடைத்தது. ஆகவே மூன்றாம் வரிசையில் ஓர் இடம் என்று தலையாட்டிவிட்டார். கல்பெட்டிக்கு வழி சொன்னவன் குழிவெட்டி தாசியுஸ். மேற்குச் சாலையோரம் பழைய காலத்தார் புதைத்த பெட்டிகள் எத்தனையோ கிடக்கின்றன. பேரன் பேத்தி யாரும் இல்லாத ஒன்றைப் பார்த்து, எலும்பை ஓரங்கட்டி, பெயரைச் செதுக்கி எடுத்துவிட்டு, மாடு கட்டி இழுத்துவந்து தருவதாகச் சொன்னான். பதிலுக்கு அவன் கேட்டது ஒரு முக்காட்டுப் போர்வை. நல்ல கனத்தில், மகள் கல்யாணத்துக்குப் போட்டுக்கொள்ள.

அந்தக் குளிர்காலத்தில் குளியல்கூடத்து மாடங்களில் அப்படிப்பட்ட போர்வை ஒன்றே ஒன்றுதான் வந்து போனது. வெள்ளைக் கம்பளி, ஆழமான முக்காடு, விரலளவு தடிப்பு. குரு லுப்பிகினுஸின் போர்வை அது.

ஸ்தெர்கோரியுஸ் தயங்கியதாகத் தெரியவில்லை. இடம் கொடுத்தவரிடம் திருடி, பெட்டி கொடுப்பவனுக்குக் கொடுத்தான். போர்வையைக் குத்தும் வெண்கல ஊசியை, குளியல்கூடத்தின் வெந்நீர் உலை எரிப்பவனின் விறகுக்குப் பின்னால் வைத்துவிட்டு, தேடியவர்களோடு சேர்ந்து தானும் தேடி, தானே கண்டுபிடித்தான். உலைக்காரனுக்கு இருபது கசையடி. புகார் கொடுத்த லுப்பிகினுஸ் நின்று பார்த்தார். அடிபட்டவனை முதுகு ஆறும் முன்பே பிராத்தியா தீவின் கல்லுடைக்கும் இடத்துக்கு அனுப்பிவிட்டார்கள். போர்வை உர்சினாவின் தொட்டியில் பழுப்பாகி, தாசியுஸின் தோளில் ஏறி, கல்யாணமும் பார்த்துவிட்டது. லுப்பிகினுஸ் அந்தக் கல்யாணத்துக்கு வந்திருந்தார். நல்ல போர்வை என்று தாசியுஸிடம் சொல்லவும் செய்தார்.

வசந்தம் பிறந்ததும் பெட்டி வடக்குத் தோட்டத்துக்கு வந்து மூன்றாம் வரிசையில் உட்கார்ந்தது. உள்ளே படுத்துப் பார்க்க வேண்டும் என்று ஸ்தெர்கோரியுஸ் அடம்பிடித்தான். எட்டுப் பேர் மூடியை நகர்த்தினார்கள். ஓரத்தில் பழைய எலும்புக் குவியல். அதன் நடுவே சுருட்டி ஆணி அடித்த ஓர் ஈயத்தகடு.

“வலைக்கு ஆகும். எடுத்துக்கண்ணே,” என்றான் தாசியுஸ்.

எடுத்துக்கொண்டான். ஆனால் மீனவர்களிடம் போகவில்லை. ஊற்றில் கிடந்த சீட்டுகள் ஊற்றின் பாடு. இது அவன் தலை வைக்கப்போகிற இடத்தில் கிடந்த சீட்டு. அவனுக்கு எழுத்து தெரியாது. பாலத்தடி மதுக்கடையில் எபிகாதுஸ் என்ற முதிய எழுத்தர் எப்போதும் உட்கார்ந்திருப்பார். ஆவணக் கூடத்தில் வேலை பார்த்து ஓய்ந்தவர். இப்போதைய எழுத்தர்களுக்குப் புரியாத பழைய கையெழுத்தைப் படிக்கத் தெரிந்தவர் ஊரில் அவர் ஒருவர்தான். ஒரு குவளை மதுவுக்குப் படித்துக் காட்டினார்.

“ஆற்றுத் தேவியே, குளியல்கூடத்தில் என் முக்காட்டுப் போர்வையை எடுத்தவன், ஆணோ பெண்ணோ, அடிமையோ சுதந்திரனோ, உடையவன் கையில் அதைத் திருப்பிக் கொடுக்கும் வரை அவனால் நிற்கவும் உட்காரவும் படுக்கவும் ஆகாதிருக்கட்டும். செத்த பிறகும் கல் அவனை ஏற்காதிருக்கட்டும்.”

ஸ்தெர்கோரியுஸின் முகம் சுண்ணாம்பாகிவிட்டது என்று மதுக்கடைக்காரர் பிறகு எல்லோரிடமும் சொன்னார்.

எபிகாதுஸ் கெட்டவர் இல்லை. உள்ளதைச் சொல்லிப் பார்த்தார். “யோவ், இது என் தாத்தனுக்குத் தாத்தன் காலத்து எழுத்து. போர்வைய எடுத்தவனும் செத்தான், பறிகொடுத்தவனும் செத்தான், அந்தத் தேவி கோயிலையும் இடிச்சுப் படிக்கட்டு கட்டியாச்சு. உனக்கென்ன?”

“முக்காட்டுப் போர்வைன்னு எழுதியிருக்குல்ல.”

“இந்த ஊர்ல குளிக்கப் போயி போர்வை தொலைக்காதவன் யாருய்யா?”

“பேய் பழைய எழுத்துலதாண்ணே எழுதும். அதுக்குப் புதுசு எங்க தெரியும்? கல்லு ஏத்துக்காதுன்னு வேற சொல்லுது பாருங்க. நான் கல்லு வாங்கினது அதுக்கு எப்படித் தெரிஞ்சுது?”

எபிகாதுஸ் குவளையைக் கவிழ்த்துக் காட்டினார். இன்னொரு குவளை வரவில்லை. முப்பத்தொரு ஆண்டு ‘எவனோ’ என்று எழுதிய சீட்டுகளைப் பார்த்துச் சிரித்தவன், அவனுக்கென்று எழுதாத ஒரு சீட்டில் தன் பெயரைப் படித்துவிட்டான். அதுவும் எழுத்தே தெரியாமல்.

அன்றிலிருந்து அவனால் நிற்க முடியவில்லை, உட்கார முடியவில்லை, படுக்க முடியவில்லை. ஈரத்தில் உட்கார்ந்து உட்கார்ந்து அவன் இடுப்பு எப்போதோ போயிருந்தது. வலி இப்போது வந்ததாக அவன் சாதித்தான். குளிக்க வந்தவர்கள் உடுப்பைக் கொடுத்தால் இரண்டு விரலால் வாங்கினான். முதல்முறையாக அந்த மாதம் குளியல்கூடத்தில் எதுவுமே காணாமல் போகவில்லை. வாடிக்கையாளர்கள் அதைக் கவனிக்கக்கூட இல்லை.

போர்வையைத் திருப்பிக் கொடுத்துவிடப்போவதாக அவன் சொன்னபோது உர்சினா முற்றத்தில் துணி அலசிக்கொண்டிருந்தாள்.

“உனக்கு இடுப்பு வலி வந்து பதினாறு வருஷமாச்சு. அப்ப எந்தப் பேய் எழுதுச்சு?”

“உடையவன் கையில குடுக்கணும்னு இருக்குடி.”

“குடு. ராவோட ராவா அவரு வீட்டு வாசல்ல போட்டுட்டு ஓடி வந்துரு. எதுக்கு வாயத் தொறக்கற?”

“கையிலன்னு எழுதியிருக்கு. வாசல்லன்னு எழுதல.”

உர்சினா அலசிய துணியைப் பிழிந்தாள். ஊரில் புத்தி என்று ஏதாவது அந்த வாரம் யாரிடமாவது இருந்ததென்றால் அது அவளிடம்தான் இருந்தது. அந்தப் புத்தியும் திருட்டுத் துணியைச் சாயமேற்றுகிற புத்திதான். இருந்தாலும் அது வேலை செய்தது.

தாசியுஸ் போர்வையைச் சும்மா தரவில்லை. கல்யாணம் முடிந்துவிட்டதால் அவனுக்கு அது அவ்வளவு தேவையில்லை; தேவையில்லை என்பதை அவன் காட்டிக்கொள்ளவில்லை. ஸ்தெர்கோரியுஸ் போட்டிருந்த சட்டை, இடுப்புக்கச்சை, பூட்ஸ் எல்லாவற்றையும் கேட்டு வாங்கிக்கொண்டான். ஆகவே உடுப்புக்காவலன் உள்சட்டையோடு, வெறுங்காலில், கையில் ஒரு பழுப்புப் போர்வையோடு வடக்குத் தோட்டத்துக்குப் போனான். பட்டப்பகல். லுப்பிகினுஸ் வேதசாட்சியின் கல்லறை விளக்குகளுக்கு எண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்தார். சுற்றிலும் நாலைந்து விதவைகள். அவர்கள் காதில் விழுந்தது மாலைக்குள் துறைமுகம் வரை போய்விடும்.

“சாமி, இந்தாங்க, உங்க போர்வை.”

லுப்பிகினுஸ் பார்த்தார். “என்னோடது வெள்ளை.”

“இதான் அது. சாயம் போட்டுட்டோம்.”

லுப்பிகினுஸுக்கு விஷயம் உடனே புரிந்திருக்க வேண்டும். மந்தமான ஆள் இல்லை. ஆனால் இதே போர்வைக்காகத் தான் கொடுத்த புகாரில் ஒருவன் முதுகு கிழிந்திருக்கிறது. அது எல்லோருக்கும் தெரியும். இந்தப் போர்வை தன்னுடையதில்லை என்றால் எல்லோருக்கும் நல்லது, முக்கியமாக அவருக்கு. திருடனுக்கே தப்பிக்க வழியைத் திறந்துவிட்டார்.

“எனக்குப் போர்வை வந்தாலும் ஒண்ணு, வராட்டியும் ஒண்ணு. எடுத்தவன் அடி வாங்கியாச்சு. இத யாராவது ஏழைக்குக் குடுத்துட்டு வீட்டுக்குப் போ.”

“அவன் எடுக்கல சாமி. நான்தான்.”

விதவைகள் இரண்டடி கிட்ட வந்தார்கள்.

“உனக்குக் காய்ச்சல்,” என்றார் லுப்பிகினுஸ். “இது என்னோடதில்ல.”

அப்போது ஸ்தெர்கோரியுஸ் செய்ததை அவன் வாழ்நாளின் மிக நேர்மையான காரியம் என்று சொல்லலாம். அதைச் செய்ததும் பயந்துதான். போர்வையைத் தரையில் விரித்து, ஓரத்தைத் திருப்பி, உள்பக்கம் காட்டினான். “பாருங்க சாமி. போன வருஷம் பாஸ்கா பண்டிகை ராத்திரி விழிப்புல உங்க மேல மெழுகு சொட்டுச்சு. நான்தான் சுரண்டினேன், முழுசா போகல. மெழுகு இருந்த இடத்துல சாயம் ஏறல. இந்தா, வெள்ளையா நாலு புள்ளி. கையால வாங்கிக்கிட்டேன்னு நீங்க சொல்லுங்க. சொன்னாதான் கல்லு என்னைய ஏத்துக்கும்.”

“யாரு சொன்னா?”

மடியிலிருந்து ஈயத்தகட்டை எடுத்து நீட்டினான். அதோடு முடிந்தது. திருடனை மன்னிக்கலாம், திருடன் என்று தெரியாததுபோல் நடிக்கவும் செய்யலாம். ஆனால் பழைய தேவதைக்கு எழுதிய சாபச்சீட்டை வேதசாட்சியின் தலைமாட்டில் விதவைகள் முன்னால் நீட்டினால், எந்தக் குருவாலும் அதைப் பார்க்காததுபோல் இருக்க முடியாது. லுப்பிகினுஸ் தகட்டைத் தொடாமல் பின்வாங்கினார். ஒரு விதவை சிலுவை போட்டுக்கொண்டாள். இன்னொருத்தி தகட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டாள்.

லுப்பிகினுஸ் போர்வையை வாங்கிக்கொண்டார். தன் கையாலேயே. பிறகு தீர்ப்பு சொன்னார்: திருடனுக்கும் பேயை நம்புகிறவனுக்கும் இந்தத் தோட்டத்தில் இடமில்லை. கல்பெட்டி கோவிலுக்கு. அதைத் திருப்பிக் கொண்டுபோக எட்டு ஆளும் இரண்டு மாடும் வேண்டும் என்பதால், இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும்.

ஸ்தெர்கோரியுஸ் அதற்கு அழவில்லை என்பதுதான் வேடிக்கை. கல் தன்னை ஏற்காது என்று பயந்து போனவன், கல்லே இல்லாமல் திரும்பினான். ஆனால் சாபம் நீங்கிவிட்டது என்று முகமெல்லாம் சிரிப்பு. வீட்டுக்குப் போய்ப் பகல் முழுக்கக் குப்புறப்படுத்துத் தூங்கினான். மறுநாள் இடுப்பு வலி வழக்கம்போல வந்தது. குளியல்கூடத்திலிருந்து அவனை வெளியே அனுப்பியதும் மறுநாள்தான். மூன்றாம் நாள்தான் இடமும் பெட்டியும் வேலையும் போனது அவனுக்கு உறைத்தது. மதுக்கடைக்குப் போய் எபிகாதுஸைப் பிடித்து, அந்தச் சீட்டு நிஜமாகவே பழசா என்று கேட்டான்.

“அன்னிக்கே சொன்னேனே.”

“இன்னும் கொஞ்சம் அழுத்திச் சொல்லியிருக்கலாம்ல அண்ணே.”

எபிகாதுஸ் இதைச் சொல்லிச் சொல்லியே ஒரு கோடைகாலம் முழுக்க இலவசமாகக் குடித்தார். இந்தக் கதையில் ஊரார் எல்லோருக்கும் சிரிக்க ஏதோ இருந்தது. பிராத்தியா தீவில் கல்லுடைத்துக்கொண்டிருந்தவனுக்கு, திருடியது நீ இல்லை என்று தெரிந்துவிட்டது என்று ஓர் ஆள்கூடப் போய்ச் சொல்லவில்லை. தீவுக்குத் தினமும் படகு போகிறது. ஸ்தெர்கோரியுஸுக்கும் அது தோன்றவில்லை. உலைக்காரனைப் பற்றிச் சீட்டில் எதுவும் எழுதியிருக்கவில்லை.

நாலாவது குளிர்காலத்தில், வடக்குக் காற்று மூன்று வாரம் நிற்காமல் அடித்தபோது, நெஞ்சுச் சளியில் ஸ்தெர்கோரியுஸ் செத்தான். உர்சினா துறைமுகத்துக்குப் போய் இரண்டு ஆப்பிரிக்கச் சாடிகளை வாங்கிவந்தாள். எண்ணெய் வாசம் போகக் கழுவினாளா என்று கேட்டவளிடம், அவரு மோந்து பாக்கப்போறாரா என்று கேட்டாள். தாசியுஸ்தான் குழி வெட்டினான். அப்போது அவன் போட்டிருந்தது செத்தவனின் பூட்ஸ். சாடிகள் இரண்டும் போதுமானதாக இருந்தன. கொஞ்சம் இடம் மிஞ்சவும் செய்தது. மேற்குச் சாலையில் மூன்றாவது மைல்கல்லுக்கு இந்தப் பக்கம், மாட்டுவண்டிகள் ஒதுங்கும் இடத்தில் அது இருக்கிறது. ஈயத்தகடு தாசியுஸின் மைத்துனன் வலையில் இருக்கிறது.

குரு லுப்பிகினுஸ் முந்தாநாள் இறந்துபோனார். பழுப்புப் போர்வை கடைசிவரை அவருக்குக் குளிருக்கு நன்றாகவே உதவியது. நாளைக் காலைப் பூசை முடிந்ததும் அதையே போர்த்தி, மூன்றாம் வரிசையில் அந்தக் கல்பெட்டிக்குள் அவரை வைக்கிறார்கள். மூடியைத் தூக்க எட்டு ஆள் சொல்லியாயிற்று.